பெயர் வர வேண்டிய இடம்

இரவு பத்து நாற்பது. கடைசி பஸ் அவளை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. ஒரு பக்கம் கிடங்குகளின் நீளமான மதில், இன்னொரு பக்கம் தண்ணீர் தேங்கிய காலி மனை... நடுவில் ஒரு ரோடு. முழுதாக ஒரு கிலோமீட்டர். ஆள் நடமாட்டமே இல்லை.

நடக்க நடக்க அவள் உதடு தானாக முணுமுணுக்கிறது. டி டா... டா டி டி டி... டா டி டா டி...

பயப்படாதீர்கள், இன்னும் பேய் வரவில்லை. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது, மழையும் விடுகிற மாதிரி இல்லை. இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு ஒரே அறையில் மூன்று வருடம் தங்கியிருந்த தோழியின் அண்ணிக்கு நடந்தது. தோழிக்குப் பொய் வராது. வந்திருந்தால் வேலையில் எப்போதோ மேலே போயிருப்பாள். சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

அந்த முணுமுணுப்பு பைத்தியமில்லை. மோர்ஸ். புள்ளியும் கோடுமாகத் தட்டி ரேடியோவில் பேசிக்கொள்கிற பாஷை. சின்ன ஒலிக்கு 'டி', நீண்ட ஒலிக்கு 'டா'. அதைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு முதல் மாதத்திலேயே ஒரு வியாதி வரும். கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் வாய் தட்ட ஆரம்பித்துவிடும். லாரி நம்பர், கடைப் பலகை, சோப்பு உறை... பிறகு அது காதுக்குப் பரவும். சொட்டுகிற குழாய் ஏதோ சொல்ல வருகிறது என்று தோன்றும். பக்கத்து சீட்டுக்காரர் இருமினால் அது என்ன எழுத்து என்று மனசு தேடும்.

ரோட்டின் கடைசி விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. அண்ணி நின்று பார்த்தாள். எழுத்து எதுவும் தேறவில்லை. வெறும் கெட்டுப்போன விளக்கு. சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். அந்த ரோட்டில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான் கடைசி.

அண்ணிக்கு வேலை காது மெஷின் பழுது பார்க்கிற பட்டறையில். மதியம் போனால் ராத்திரி பத்துக்குத்தான் விடுவார்கள். மெஷின் போடுகிற விசிலைக் கேட்டே எந்த வயர் விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அப்படியொரு காது. அண்ணனுக்கு மின்சார லைனில் வேலை. இருபது வருடம் கம்பத்தில் ஏறி இறங்கிய மனுஷன். ஒரு கீறல் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்த வீட்டில், பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினார். விழுந்தார். கழுத்து.

உயிர் இருந்தது. குரல் போய்விட்டது. கழுத்துக்குக் கீழே வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான் அசையும். ஒரு முறை கண் சிமிட்டினால் ஆமாம், இரண்டு முறை சிமிட்டினால் இல்லை. ஐந்து மாதம் அதுதான் அந்த வீட்டின் மொத்தப் பேச்சு. அவரோ கம்பத்தின் உச்சியில் இருந்துகொண்டே கீழே போகிறவர்களிடம் ஊர்க்கதை பேசுகிற ஆள். அவருக்கு அந்த மௌனம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மோர்ஸ் யோசனையைச் சொன்னது மாடி வீட்டுப் பல் டாக்டர். பகலெல்லாம் ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, ராத்திரியில் தன் வாயைத் திறக்காமலே உலகத்தோடு பேசுகிறவர். அவருக்கு அமெச்சூர் ரேடியோ பைத்தியம். மோர்ஸ் தட்டுகிற கட்டையை 'கீ' என்பார்கள். அதை 'பீப்' என்று கத்துகிற ஒரு பஸ்ஸரில் இணைத்துக் கொண்டுவந்து, கட்டிலின் இரும்புக் கம்பியில் அண்ணனின் விரலுக்குக் கீழே வாட்டமாகக் கட்டினார்.

"ஒரு விரல் போதும்மா. படிச்சு லைசென்ஸ் வாங்கிட்டார்னா படுத்த இடத்துலேருந்தே ஊர் உலகத்தோட பேசலாம்."

ஒரு நாளைக்கு இரண்டு எழுத்து. இரண்டு பேரும் சேர்ந்து படித்தார்கள். நாம் செல்போனில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறோம் இல்லையா, அதே மாதிரி தட்டுவது. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டே போவார்கள். கை எழுதிவிடும். என்ன எழுதினோம் என்பது எழுதி முடித்துத் தாளைப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டு வாரம் ஆனது. அண்ணன் முதல் முதலாக ஒரு முழு வாக்கியம் தட்டினார். ஐந்து மாதம் வாயடைத்துக் கிடந்த மனிதனின் முதல் வாக்கியம். சாகிறேன் என்பாரோ, என்னை விட்டுவிடு என்பாரோ... அண்ணி எழுதி முடித்துப் பார்த்தாள்.

'சூப்புல உப்பு இல்ல.'

நோயாளிக்கு ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஐந்து மாதமாக உப்பில்லாமலே கொடுத்திருக்கிறாள். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அந்த விரலின் மேலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது முக்கியம். மோர்ஸ் தட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு 'கை' உண்டு. கையெழுத்து மாதிரி. தெரிந்தவர்கள் கேட்ட மாத்திரத்தில் இது இன்னார் கை என்று சொல்லிவிடுவார்கள். அண்ணனின் கை அவசரக் கை. புள்ளிகள் ஒன்றன் மேல் ஒன்று உருண்டு விழும். ஒரு சொல் முடிவதற்குள் அடுத்த சொல்லுக்குத் தாவிவிடுவார். பேசினதும் அப்படித்தான்.

கேட்டுப் பழகட்டும் என்று டாக்டர் தன் பழைய ரேடியோ செட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஜன்னல் வழியாக ஏரியல் கம்பி மொட்டை மாடிக்குப் போனது. லைசென்ஸ் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. ஒரே ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொன்னார்.

"எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க. லைசென்ஸ் வர்ற வரைக்கும் கீயோட பின் பஸ்ஸர்லயே இருக்கட்டும். செட்டுல சொருகிடாதீங்க, நீங்க தட்டுறது வெளியே போயிடும்."

ராத்திரி அண்ணி வந்து, அதுவரை அண்ணனைப் பார்த்துக்கொண்ட என் தோழி... அதாவது அண்ணனின் தங்கை... தூங்கப் போன பிறகு, இரண்டு பேரும் செட்டைப் போடுவார்கள். சூடேறும் தூசி வாசனை வரும். கரகரப்பு வரும். அதற்குள்ளிருந்து யார் யாரோ தட்டுகிற ஓசை. எல்லாம் மின்னல் வேகம். ஒரு எழுத்தைப் பிடிப்பதற்குள் பத்து எழுத்து ஓடிவிடும்.

ஒருவர் மட்டும் மெதுவாகத் தட்டினார்.

நள்ளிரவுக்கு மேல், டயலின் ஒரு ஓரத்தில், மிக மெல்லிய சிக்னல். இவர்களுக்கு எந்த வேகம் பிடிபடுமோ அதே வேகம். அவருடைய கை நிதானமான கை. ஒவ்வொரு வரியிலும் கடைசிக் கோட்டை மட்டும் கொஞ்சம் இழுப்பார். டாாா... பிரிய மனமில்லாத மாதிரி. நாள் போகப் போக இவர்கள் வேகம் கூடியது. அவரும் அதே அளவு கூட்டினார். ஒரு துளி அதிகமில்லை, குறைவில்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தட்டியது தினமும் ஒரே அழைப்பு. ரேடியோக்காரர்கள் எல்லோரும் தட்டுவதுதான். எல்லோரையும் அழைக்கிறேன், எல்லோரையும் அழைக்கிறேன், அழைப்பது இன்னார், பதில் தாருங்கள். அந்த 'இன்னார்' வர வேண்டிய இடத்தில் லைசென்ஸோடு கொடுக்கிற அழைப்புக் குறி வரும். இவருக்கு அது வரவில்லை. 'அழைப்பது' என்பார்... ஒரு இடைவெளி. சரியாக ஒரு பெயர் அளவுக்கு வெறும் கரகரப்பு. பிறகு 'பதில் தாருங்கள்.'

அண்ணி மாடிப்படியில் டாக்டரைப் பார்த்தபோது கேட்டாள்.

"பேர் சொல்லாம யாரும் கூப்பிட மாட்டாங்கம்மா. புதுசுல அப்படித்தான், நாலெழுத்து காதுல விழாமப் போயிடும்."

அன்று ராத்திரி அவரும் தன் செட்டில் அதே இடத்தைத் தேடிப் பார்த்தார். அங்கே யாருமே இல்லை என்றார்.

ஆனால் தினமும் கூப்பிட்டது. தினமும் யாரும் பதில் சொல்லவில்லை.

நான் முதலில் சொன்ன ராத்திரிக்கு வருகிறேன். அண்ணி வந்தாள், கை கால் கழுவினாள், செட்டைப் போட்டாள். பன்னிரண்டே கால். மெல்லிய அழைப்பு வந்தது. அண்ணனின் விரல் பஸ்ஸரில் அவசரமாகத் துடித்தது.

'பதில் சொல்லுவோம்.'

"வேணாங்க. டாக்டருக்குத் தெரிஞ்சா செட்டையே தூக்கிட்டுப் போயிடுவாரு."

 அண்ணன் மறுபடி தட்டினார்.

'பாவம். அத்தனை கூப்பிட்டும் ஒருத்தரும் பேசல.'

 ஐந்து மாதம் உள்ளுக்குள் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தவர் அல்லவா? அவள் எழுந்தாள். பஸ்ஸரில் இருந்த பின்னை உருவினாள். செட்டின் பின்பக்கத் துளையில் சொருகினாள். க்ளிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் நடந்தது.

அண்ணன் தட்டினார். பதில் சொல்லும் முறையெல்லாம் மனப்பாடம். ஆனால் 'அழைப்பது' என்று தட்டியதும் விரல் நின்றது. லைசென்ஸ் இல்லை, அழைப்புக் குறி இல்லை, அந்த இடத்தில் வைக்க அவரிடம் ஒன்றும் இல்லை. ஒரு நொடி யோசித்தார். தன் சொந்தப் பெயரைத் தட்டிவிட்டார்.

என்ன பெயர் என்று கேட்காதீர்கள். தோழி என்னிடமும் சொல்லவில்லை.

பதில் உடனே வந்தது. யாராக இருந்தாலும் கேட்டு, எழுதி, யோசித்துத் தட்டக் கொஞ்ச நேரமாகும். இது கடைசிக் கோடு முடிவதற்குள் வந்தது. சிக்னல் எப்படிக் கேட்கிறது என்று ஒன்பதுக்கு மதிப்பெண் போட்டுச் சொல்வது ரேடியோக்காரர்கள் வழக்கம். அது இவர்களுக்கு மூன்றாகத்தான் கேட்டது. அது சொன்னது... 'உன் சிக்னல் ஒன்பது. பக்கத்தில் இருப்பது போல் கேட்கிறது. எங்கே இருக்கிறாய்?'

அண்ணன் குஷியாகிவிட்டார். குறும்பு வேறு. 'வீடு. தரைத்தளம். முன் அறை. கட்டில்.'

'நல்லது' என்றது. பிறகு, 'காத்திரு.'

அதோடு கரகரப்புதான். காத்திருந்தார்கள். மணி ஒன்று ஆனது. அண்ணி செட்டை அணைத்து, பின்னைப் பழையபடி பஸ்ஸருக்கு மாற்றிவிட்டுப் படுத்தாள். பேச்சை முடிப்பதற்கு என்று மோர்ஸில் ஒரு குறி உண்டு. இரண்டு பக்கமும் அதைத் தட்டினால்தான் பேச்சு முடிந்ததாக அர்த்தம். அன்றைக்கு யாரும் தட்டவில்லை. புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் மறக்கிற விஷயம்தான்.

அடுத்த ராத்திரி. செட்டைப் போட்ட உடனே அது இருந்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை. மூன்றாகக் கேட்ட சிக்னல் இப்போது ஏழு. அண்ணி பென்சிலை எடுத்தாள், கை எழுதிக்கொண்டே போனது. அறையில் ஏதோ வாசனை... பல நாள் திறக்காத குழாயைத் திறந்தால் முதல் தண்ணீர் வருமே, அந்தத் துரு வாசனை. எழுந்து போய்க் குழாயைப் பார்த்துவிட்டு வந்தாள். இறுக்கமாக மூடித்தான் இருந்தது.

தாளைப் பார்த்தாள்.

எல்லோரையும் அழைக்கிறேன், எல்லோரையும் அழைக்கிறேன், அழைப்பது... அந்த இடம் இப்போது காலியாக இல்லை. அங்கே அண்ணனின் பெயர் இருந்தது. எழுத்துப் பிசகாமல். ஏழு தடவை அழைத்திருந்தது, ஏழு தடவையும் அவர் பெயரில்.

அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கும் புரிந்துவிட்டது. கண் அகலத் திறந்திருந்தது, சிமிட்டவில்லை.

அண்ணி பாய்ந்து ஏரியல் கம்பியைப் பிடுங்கினாள். ஏரியல் இல்லாவிட்டால் செட் ஊமை. எல்லா ஓசையும் செத்தது, கரகரப்பு உட்பட. அது மட்டும் கேட்டது. ஏழு அல்ல இப்போது. எட்டு.

சுவிட்சை அணைத்தாள். நின்றது.  டாக்டரிடம் போய்ச் சொல்லலாம்... சொன்னால் பின்னைச் சொருகியதும் தெரியும். செட் போகும், பரீட்சை போகும். அவருக்கு இருக்கிற ஒரே வாசல் அது. விடியட்டும் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள். அதை நினைத்து இன்றைக்கும் தன்னையே திட்டிக்கொள்கிறாளாம்.

மூன்றாம் நாள். பத்து நாற்பது, அதே ரோடு. அன்றைக்கு உதடு முணுமுணுக்கவில்லை. கடைசி விளக்கு எரியவே இல்லை. கிட்டத்தட்ட ஓடினாள்.

தோழி வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் ஒரு தாள். முகத்தில் பெருமை.

"அண்ணி, அண்ணன் இன்னிக்கு பூரா தட்டிக்கிட்டே இருந்தாரு. எனக்குத்தான் ஒண்ணும் புரியாதே, அதான் அப்படியே வரைஞ்சு வச்சிருக்கேன். சின்னதுக்குப் புள்ளி, பெருசுக்குக் கோடு. சரியா இருக்கா பாருங்க. ஆனா ஒண்ணு அண்ணி, முன்னாடி மாதிரி கடகடன்னு தட்டல. இப்பல்லாம் எவ்வளவு நிதானமா தட்டுறாரு தெரியுமா?"

வீட்டு விளக்கு வெளிச்சத்தில் அண்ணி தாளைப் பிடித்தாள். மோர்ஸில் ஒரு எழுத்துகூடத் தெரியாத பெண், ஒரு புள்ளி விடாமல் வரைந்திருந்தாள். எல்லோரையும் அழைக்கிறேன். அழைப்பது... அண்ணனின் பெயர். வரிக்கு வரி அதுவேதான். ஒவ்வொரு வரியிலும் கடைசிக் கோட்டை மட்டும் தோழி கொஞ்சம் நீளமாக வரைந்திருந்தாள். காதில் விழுந்தபடி வரைந்தவளாயிற்றே.

தோழியைத் தூங்கப் போகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். துரு வாசனை. கட்டிலில் அண்ணன். கண் அவளைப் பார்க்கவில்லை. தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விரல் தட்டிக்கொண்டிருந்தது. கீயில்கூட இல்லை, பக்கத்தில் வெறும் கட்டில் கம்பியில். டக்... டக்... டாாக்.

"ஏங்க... நீங்களா தட்டுறீங்க?"

இரண்டு சிமிட்டு. இல்லை.

"அப்ப யாரு?"

இரண்டு சிமிட்டு. இரண்டு சிமிட்டு. இரண்டு சிமிட்டு. நிறுத்தாமல் சிமிட்டினார். கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. விரல் அதுபாட்டுக்கு நிதானமாகத் தட்டிக்கொண்டே இருந்தது.

அண்ணி மாடிக்கு ஓடினாள். டாக்டர் கைலியோடு இறங்கி வந்தார். எல்லாவற்றையும் கேட்டார், கோபப்படவில்லை. அவருக்குக் கோபப்பட நேரமில்லை. விரலைப் பார்த்த மாத்திரத்தில் முகம் வெளுத்துவிட்டது.

"அழைப்புக் குறிங்கறது சட்டை மாதிரிம்மா. சொந்தப் பேரு தோல் மாதிரி. அதையா கழட்டிக் குடுத்தீங்க?" என்றார். பிறகு, "பேச்சை முடிச்சீங்களா? முடிக்கிற குறி தட்டினீங்களா?"

"இல்ல டாக்டர்."

"அப்ப லைன் திறந்தே கிடக்கு. மூடுங்க. அவர் விரலாலேயே மூடணும்."

டாக்டர் செட்டைப் போட்டு, கீயின் பின்னை அதில் சொருகினார். அண்ணி அந்த விரலைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. தன் விரலை அதன் மேல் வைத்துக் கீயில் அழுத்தினாள். முடிக்கிற குறி. டி டி டி... டா டி டா.

கடைசிக் கோட்டுக்கு முன்னால், அவள் விரலுக்கு அடியில், அவர் விரல் ஒரு முறை துடித்தது. நாலைந்து புள்ளிகள், அவசர அவசரமாக, ஒன்றன் மேல் ஒன்று உருண்டு... அவள் கவனிக்கவில்லை. அழுத்தி முடித்துவிட்டாள்.

எல்லாம் நின்றது. விரல் நின்றது. வாசனை போய்விட்டது. அண்ணன் கண்ணை மூடி, சீராக மூச்சு விட்டுத் தூங்க ஆரம்பித்தார். அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் செட்டை அணைத்து, கீயைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"செட்டைக் காலையில எடுத்துக்கறேன். நீங்க தூங்குங்கம்மா."

மணி இரண்டு. தூக்கம் வரவில்லை. போய்விட்டதா என்று ஒரு முறை பார்த்துவிடலாம்... மனசு அரிக்குமே. ஏரியலைப் பொருத்தினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு செட்டைப் போட்டாள். அந்த இடம் சுத்தமாக இருந்தது. கரகரப்பு மட்டும். அப்பாடா என்று சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

அடியாழத்தில் ஏதோ அசைந்தது. மதிப்பெண் போட்டால் ஒன்றுகூடத் தேறாது. அவள் காது என்பதால் கேட்டது.

எல்லோரையும் அழைக்கிறேன், எல்லோரையும் அழைக்கிறேன், அழைப்பது...

இடைவெளி. ஒரு பெயர் அளவுக்கு வெறும் கரகரப்பு.

ஆனால் கை வேறு. இது நிதானக் கை இல்லை. அவசரக் கை. புள்ளிகள் உருண்டு விழுந்தன. ஒரு சொல் முடியும் முன்னே அடுத்த சொல். மறுபடி அழைத்தது, மறுபடி அந்த இடத்தில் எதுவும் வரவில்லை. வைக்கப் பார்த்து, முடியாமல், தடுமாறுவது தெரிந்தது. கொஞ்சம் நின்றது. பிறகு முறையெல்லாம் விட்டுவிட்டு, பதற்றத்தோடு வேறொன்றைத் தட்டியது. அண்ணிக்கு இப்போது எழுதிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

'சூப்புல உப்பு இல்ல. சூப்புல உப்பு இல்ல. சூப்புல உப்பு...'

கீ இல்லை. டாக்டர் பையில் போய்விட்டது. அவள் பழுது பார்க்கிறவள், ஒரு துண்டு வயர் போதும். மேசை டிராயரைக் கவிழ்த்து ஒரு வயரை எடுத்தாள், பல்லால் கடித்து இரண்டு முனையையும் உரித்தாள். செட்டின் துளையில் செருகினாள். அவர் பெயரைத் தட்ட வேண்டும், அவர் பெயரை அவருக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். முதல் புள்ளிக்காக வயரைத் தொட வைக்கப் போனாள்.

பின்னால் கட்டில் கம்பியில் தட்டுகிற ஓசை.

டி டி டி... டா டி... டாாா.

முடிக்கிற குறி. கடைசிக் கோடு ஆற அமர நீண்டது. அது அடங்கியபோது ஹெட்போனுக்குள் அந்த அவசரக் கை பாதிச் சொல்லில் நின்றது. அப்புறம் அவள் எத்தனையோ ராத்திரி தேடிவிட்டாள். வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் இருந்தவர் விழித்திருந்தார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறை சிமிட்டினார். ஆமாம்.

தோழி அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்கு இதில் பாதிதான் நம்பிக்கை. அண்ணன் இப்போது நன்றாக இருக்கிறார் என்கிறாள். பரீட்சை எழுதி லைசென்ஸும், சொந்தமாக ஒரு செட்டும்கூட வாங்கிவிட்டார். அவர் தட்டுவதைப் போல் தெளிவாக யாரும் தட்டுவதில்லை என்று டாக்டரின் கிளப்பில் எல்லோருக்கும் பெருமையாம். டாக்டர் மட்டும் வீடு மாறிப் போய்விட்டார்.

ஒரு விஷயம்தான் தோழிக்குப் புரியவில்லை. அண்ணி தினமும் வேலையிலிருந்து வந்ததும், பதினொரு மணிக்கு மேல், அடுப்பைப் பற்றவைத்து அவருக்கு சூப் வைக்கிறாளாம். ஒரு கல் உப்புப் போடுவதில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கரண்டியாக ஊட்டி முடித்து, ஒரே ஒரு கேள்வி கேட்கிறாளாம்.

"எப்படிங்க இருக்கு?"

கேட்டுவிட்டு அந்த விரலையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாளாம். விரல் அவசரப்படாது. கம்பியில் எழுத்து எழுத்தாகத் தட்டும், கடைசிக் கோட்டைக் கொஞ்சம் இழுக்கும்.

'நல்லா இருக்கு.'